முகம் தெரியும் நிலம்

எங்கள் ஆஸ்பத்திரிப் பெண்கள் வாட்டின் நிலத்தில் குனிந்து பார்த்தால் முகம் தெரியும். அதுதான் அதன் பெருமை என்று பணிப்பாளர் அன்புராஜா வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்வார். ஆஸ்பத்திரி நிலத்தில் யாருக்கு முகம் பார்க்க வேண்டியிருக்கிறது என்று நான் ஒருமுறை கேட்டேன். அவர் சிரித்தார். நான் பகிடி விட்டதாக நினைத்துக்கொண்டார்.

என் பெயர் பொன்மலர். ஊர் உடுவில். அரசாங்க ஆஸ்பத்திரியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றபின், இந்த இடத்துக்குப் பெண்கள் வாட்டின் பொறுப்புச் சிஸ்டராக வந்தேன். வெளிநாட்டில் இருக்கும் எங்கள் ஆட்கள் காசு சேர்த்து நடத்தும் நலன்புரி ஆஸ்பத்திரி இது. கட்டிலுக்கு ஒரு பெயர், காற்றாடிக்கு ஒரு பெயர், தண்ணீர்த் தாங்கிக்கு ஒரு பெயர் என்று எங்கே திரும்பினாலும் காலமானவர்களின் ஞாபகார்த்தம். உயிரோடு இருக்கிறவர்களை ஞாபகம் வைத்திருப்பதுதான் இங்கே கஷ்டம்.

எனக்கு ஒரு பிடிவாதம் உண்டு. என் வாட்டில் ஒருவரும் விழக்கூடாது. நோய் வருத்தம் வருவது கடவுள் காரியம் என்றாவது சொல்லலாம், நோயாளி கட்டிலிலிருந்து கழிப்பறைக்குப் போகும் வழியில் விழுவது முழுக்க முழுக்க எங்கள் காரியம். தலைச்சுற்று உள்ளவருக்கும் நடை தள்ளாடுகிறவருக்கும் கையில் மஞ்சள் பட்டி கட்ட வேண்டும். கட்டிலைத் தாழப் பதித்து, பக்கத்துக் கம்பியை உயர்த்தி, மணியைக் கைக்கெட்டும் இடத்தில் வைக்க வேண்டும். அவர்கள் வாய் திறக்கும் முன்னரே நாங்கள் போய்க் கேட்டு, கூட்டிக்கொண்டு போய், கூட்டிக்கொண்டு வர வேண்டும். நிலம் காய்ந்து கிடக்க வேண்டும். பிடிப்பதற்கு ஏதாவது இருக்க வேண்டும். இதில் விளங்காத விஷயம் ஒன்றுமில்லை.

பழைய நிலம் சீமெந்து. கறுத்து, அங்கங்கே வெடித்து, பார்க்க வடிவில்லாமல்தான் இருந்தது. ஆனால் ஈரக்காலோடு நடந்தாலும் வழுக்காது. கனடாவில் இருக்கும் ஒரு குடும்பம் தகப்பனின் ஞாபகார்த்தமாக நிலத்துக்கு ரைல்ஸ் ஓடு பதித்துத் தருகிறோம் என்றதும் அன்புராஜா ஓம் என்றுவிட்டார். எப்படிப்பட்ட ரைல்ஸ் என்று வாட்டில் ஒருவரையும் கேட்கவில்லை. கல்யாண மண்டபத்துக்குப் பதிக்கிற பளபளப்பு ரைல்ஸ் வந்து இறங்கியது. பதித்து முடிந்த கிழமையே சாப்பாடு கொண்டுவருகிற மனிசி சொதி வாளியோடு சறுக்கி, கட்டில் காலைப் பிடித்துத் தப்பினார்.

நான் கட்டில்களிலிருந்து கழிப்பறை வரைக்கும் றப்பர் விரிப்புப் போடுவித்தேன். கழிப்பறைக்குத் திரும்பும் முடக்கில் சுவரோடு பூட்ட ஒரு இரும்புக் கைபிடியும் எடுப்பித்தேன். பூட்ட வேண்டிய உயரத்தில் பென்சிலால் கோடும் போட்டேன். அன்புராஜா அதைப் பார்த்துவிட்டார்.

"புதுசாய் பெயின்ற் அடிச்ச சுவரிலை ஓட்டை போடுறதோ சிஸ்டர்? படத்திலை வடிவில்லாமல் வரும். திறப்பு விழா முடியட்டும், பேந்து பாப்பம்."

"அதுவரைக்கும் ஒருத்தரும் கக்கூசுக்குப் போகாமல் இருக்கிறதோ சேர்?"

"உங்களுக்கு எப்பவும் பகிடிதான்."

கைபிடி பொலித்தீன் உறையோடு களஞ்சிய அறைக்குப் போனது.

அந்த நாட்களில்தான் பொலிகண்டியிலிருந்து இரத்தினம்மா வந்து சேர்ந்தார். கடற்றொழில் குடும்பம். புருஷன் காலமாகிவிட்டார், மகன் சுபாங்கன் லண்டனில், மகள் சுவர்ணா கூடவே இருக்கிறாள். பிரஷருக்குக் குளிசை மாற்றியிருந்ததால் எழுந்து நின்றாலே தலை சுற்றியது. மஞ்சள் பட்டி கட்டினோம். நாலைந்து நாளில் சரியாகிவிடும், வெள்ளிக்கிழமை வீட்டுக்குப் போகலாம் என்று டொக்டர் சொல்லியிருந்தார். அதுவரை விழாமல் பார்த்துக்கொள்வது மட்டும்தான் எங்கள் வேலை.

அவரோடு ஒரே ஒரு கரைச்சல். மணி அடிக்க மாட்டார். "குமர்ப்பிள்ளையளை உதுக்குப்போய்க் கூப்பிடுறதோ?" என்று வெட்கப்படுவார். வயிறு முட்டினாலும் பல்லைக் கடித்துக்கொண்டு கிடப்பார். என் தாதி நிரோஜாதான் அதற்கு வழி கண்டுபிடித்தாள். காலையிலும் மத்தியானத்துக்கு முன்னரும் கட்டிலடிக்குப் போய், "அம்மா, கடற்கரைக்குப் போட்டு வருவமோ?" என்று கேட்பாள். பொலிகண்டியில் முந்தி எல்லாரும் அந்த அலுவலுக்குக் கடற்கரைக்குப் போனவர்கள்தானே. இரத்தினம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிடும். சிரித்துக்கொண்டே அவள் தோளைப் பிடித்து இறங்குவார்.

"மணலிலை நடந்த கால் பிள்ளை இது. உங்கடை நிலத்திலை ஒண்டும் பிடிபடேல்லை," என்று விரிப்பிலிருந்து விரிப்புக்குக் கால் வைத்துப் போவார்.

திறப்பு விழா புதன்கிழமை. காலையில் நான் வந்தபோது விரிப்புகளைக் காணவில்லை. பராமரிப்பு வேலை பார்க்கும் ஏரம்பு அவற்றைச் சுருட்டிக் களஞ்சிய அறைக்குள் தள்ளிக்கொண்டிருந்தார்.

"டிறெக்டர் சொன்னவர் சிஸ்டர். கறுப்பு றப்பர் கிடந்தால் ரைல்ஸ் தெரியாதாம்."

நிலத்தைக் கழுவி, ஏதோ மினுக்கும் எண்ணெயையும் பூசித் துடைத்திருந்தார்கள். போதாக்குறைக்கு நோயாளிகளின் மணிகளையும் நிறுத்தியிருந்தார்கள். விழா கனடாவுக்கு நேரலையாகப் போகிறதாம். நடுவிலே மணி அடித்தால் மரியாதையில்லையாம். அலுவலகத்துக்கு ஓடினேன்.

"ஒரு மணித்தியாலம் சிஸ்டர்," என்றார் அன்புராஜா, கழுத்துப்பட்டியைச் சரிசெய்துகொண்டே. "உங்கடை ஆக்கள் ஒரு மணித்தியாலம் கட்டிலிலை கிடக்க மாட்டினமோ?"

"மூத்திரம் உங்கடை விழா முடியுமட்டும் நிண்டுகொண்டிருக்காது சேர்."

"இதென்ன கதை கதைக்கிறியள், ஆக்கள் வாற நேரத்திலை!"

மூத்திரம் என்ற சொல்லுக்கு முகம் சுளித்தார். அதைத் தவிர நான் சொன்ன எதுவும் அவருக்குள் இறங்கவில்லை.

திரும்பி வாட்டுக்கு வந்தால் என் தாதிகளையும் காணவில்லை. எல்லோரையும் சீலை உடுக்க வைத்து வாசலுக்கு எடுத்துவிட்டிருந்தார்கள். ஒருத்தியிடம் சந்தனக் கிண்ணம், இன்னொருத்தியிடம் கற்கண்டுத் தட்டு, நிரோஜாவிடம் பன்னீர்ச் செம்பு. குமர்ப்பிள்ளைகள் வரிசையாக நின்று வரவேற்றால்தானே விழாவுக்கு வடிவு. நோயாளியைப் பிடித்து நடத்தப் படித்த பிள்ளை, கோட்டுப் போட்டு வந்தவர்களின் தலையில் பன்னீர் தெளித்துக்கொண்டு நின்றாள்.

வாட்டில் நான் தனி. கடைசிக் கட்டிலில் ஒருவருக்குக் கையில் ஏற்றியிருந்த ஊசி கழன்று இரத்தம் வடிந்தது. மறைப்பை இழுத்துவிட்டு அதை அமத்திப் பிடித்துக் கட்டிக்கொண்டிருந்தேன். வாசலில் நாதஸ்வர இசைத்தட்டு ஓடியது. அதற்கிடையில் அந்தச் சத்தம் கேட்டது. தேங்காய் விழுந்த மாதிரி ஒரு சத்தம், பிறகு ஒன்றுமில்லை. எத்தனை வருஷம் வேலை பார்த்தாலும் அது காதுக்குப் பழகுவதில்லை.

இரத்தினம்மா கழிப்பறை முடக்கில் கிடந்தார். ஒரு கால் வெளிப்பக்கமாகத் திரும்பி மற்றதைவிடக் குட்டையாகத் தெரிந்தது. இடுப்பு முறிந்துவிட்டது என்று அறிய எனக்குப் படம் எடுத்துப் பார்க்கத் தேவையிருக்கவில்லை. காலையில் தலைக்கு எண்ணெய் வைத்த கை. அந்தக் கையின் ஐந்து விரல்களும் புதுப் பெயின்றில் பதிந்து, அங்கிருந்து கீழே ஒரு முழம் இழுபட்டு வந்திருந்தன. நான் பென்சிலால் கோடு போட்ட அதே இடம். பிடிப்பதற்குத்தான் தடவியிருக்கிறார். அங்கே ஒன்றும் இருக்கவில்லை.

"அந்தப் பிள்ளை வரேல்லை," என்றார். உதடு வெளுத்திருந்தது. "கடற்கரைக்குக் கூட்டிக்கொண்டு போற பிள்ளை. பாத்துக்கொண்டே கிடந்தன். வெக்கத்தை விட்டு மணியையும் அடிச்சன் சிஸ்டர், அது சத்தம் போடேல்லை."

வெட்கத்தை விட்டு ஒரே ஒரு தரம் மணி அடித்திருக்கிறார். அந்த ஒரு தரமும் அதை நாங்கள் ஊமையாக்கி வைத்திருந்தோம்.

நான் போட்ட கூச்சலுக்கு அன்புராஜா ஓடி வந்தார். அவருக்குப் பின்னால் நாடா வெட்டி முடித்த கூட்டம் வாட்டுக்குள் நுழைந்துகொண்டிருந்தது. அவர் என்ன செய்தார் தெரியுமா? துணி மறைப்பை இழுத்துவந்து எங்கள் இரண்டு பேரையும் சுற்றி வைத்தார்.

"சத்தம் போடாதேங்கோ சிஸ்டர், லைவ் போகுது," என்று கும்பிட்டார்.

மறைப்புக்கு இந்தப் பக்கம் இரத்தினம்மா என் கையைக் கடித்துக்கொண்டு வலியை விழுங்கினார். அந்தப் பக்கம் ஒரு பெண் குரல், "உண்மையாய் முகம் தெரியுது என்ன!" என்றது. உள்ளே என்ன முனகல் என்று யாரோ கேட்டார்கள். "நோயாளி ஒராள் உடுப்பு மாத்துறா," என்றார் அன்புராஜா. என் வாழ்க்கையில் மனிதர்கள் மேல் அப்படி ஓர் அருவருப்பு எனக்கு வந்ததில்லை. ஞாயிறு தவறாமல் ஜெபத்துக்குப் போகிற எனக்கு அன்றைக்கு வாயில் வந்ததெல்லாம் தூஷணம்.

மத்தியானச் சாப்பாட்டோடு வந்த சுவர்ணா தாயை அம்புலன்சில் ஏற்றுவதைத்தான் கண்டாள். பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டு முடக்குக்குப் போய், சுவரிலிருந்த கைத்தடத்தை வெகுநேரம் பார்த்தாள். தன் கையை அதன் மேல் வைத்தும் பார்த்தாள். அடுத்த நாள் அந்த இடத்துக்கு வெள்ளை அடித்துவிட்டார்கள்.

பெரிய ஆஸ்பத்திரியில் இதயம் பலவீனம் என்று சத்திரசிகிச்சை தள்ளித் தள்ளிப் போனது. கிடந்த கிடையில் நெஞ்சில் சளி கட்டி, அந்த மாதமே இரத்தினம்மா போய்ச் சேர்ந்தார். வயசு போனவதானே என்று எல்லோரும் சொன்னார்கள். வெள்ளிக்கிழமை வீட்டுக்கு நடந்து போயிருக்க வேண்டியவர் என்று ஒருவரும் சொல்லவில்லை. எங்கள் ஆஸ்பத்திரி அவருடைய வீட்டு ஒழுங்கையில் கண்ணீர் அஞ்சலிப் பதாகை கட்டியது. அதில் அவருடைய படத்தை விட எங்கள் சின்னம் பெரிதாக இருந்தது.

அன்புராஜா நிரோஜாவைக் கூப்பிட்டு, நோயாளியை ஏன் தனியே விட்டாய் என்று விசாரிக்கத் தொடங்கினார். நானும் கூடவே போய் நின்றேன்.

"அவள் பன்னீர் தெளிச்சுக்கொண்டு நிண்டவள் சேர். வீடியோவிலை வடிவாய்த் தெரியுது. போட்டுப் பாப்பமோ?"

விசாரணை அதோடு முடிந்தது.

தாயின் அந்தியேட்டிக் கிரியைகள் முடிந்த மறுநாள் சுபாங்கன் தங்கையோடு வாட்டுக்கு வந்தான். சவரம் செய்யாத முகம், அழுது வீங்கின கண். கெட்டவன் இல்லை. தாயின் பெயரில் வாட்டுக்கு ஏதாவது செய்ய வேண்டும், என்ன வேண்டும் சிஸ்டர் என்று என்னிடமே கேட்டான். எனக்குக் கொஞ்சம் நம்பிக்கை வந்தது. எல்லாவற்றையும் ஒளிக்காமல் சொன்னேன். அம்மா ஏன் விழுந்தார், எதைப் பிடிக்கத் தேடினார், களஞ்சிய அறையில் என்ன கிடக்கிறது எல்லாம்.

"கைபிடி ஒண்டு பூட்டவேணும் தம்பி. அந்த முடக்கிலையும் கக்கூசுக்குள்ளையும் உந்த ரைல்சைக் கிளப்பிப்போட்டுச் சொரசொரப்பாய்ச் சீமெந்து பூசவேணும். வேறை ஒண்டும் வேண்டாம்."

அவன் முகம் சுருங்கியது. "சீமெந்தோ சிஸ்டர்? அம்மாவின்ரை பேருக்குச் சீமெந்தோ? வாட்டு முழுக்க மற்ற ஆக்கள் ரைல்ஸ் பதிச்சிருக்கினம். லண்டனிலை எங்கடை ஊர்ச்சனம் என்ன சொல்லும்?"

"அப்ப கைபிடியிலை அம்மாவின்ரை பேரை வெட்டுவிச்சுப் போடுங்கோ."

"கக்கூசுக்குப் போறவையள் எல்லாம் பிடிக்கிற இடத்திலையோ?"

அன்புராஜா இடையில் புகுந்தார். "அம்மா விழுந்த இடம் இனிமேல் சொர்க்கம் மாதிரி இருக்கவேணும் தம்பி. சுவருக்கும் ரைல்ஸ், கக்கூசுக்கும் ரைல்ஸ், அந்த முடக்கிலை அம்மாவின்ரை படத்தோடை ஒரு கறுப்புக் கல்லு. நான் பாக்கிறன்."

சுபாங்கன் கண்ணைத் துடைத்துக்கொண்டு தலையாட்டினான். நான் எழுந்து போய்க் கையைக் கழுவினேன். ஏன் கழுவினேன் என்று எனக்கே தெரியாது, கழுவ வேண்டும் போல இருந்தது.

அவன் லண்டனுக்குத் திரும்ப முன்னர் எல்லாம் முடிய வேண்டும் என்று இரவு பகலாக வேலை நடந்தது. முந்தினதை விடவும் பளபளப்பான ரைல்ஸ், நிலத்திலும் சுவரிலும். முடக்கில் கறுப்புக் கல். பொன் எழுத்தில் இரத்தினம்மாவின் பெயர், மேலே சிரிக்கிற படம், சுற்றிவரப் பித்தளைச் சட்டம். நான் கோடு போட்ட இடத்தில், கைத்தடம் இருந்த இடத்தில், ஒரு விரல்கூட விலகாமல் வைத்திருந்தார்கள். துளை போட்டால் சுவர் ரைல்ஸ் வெடித்துவிடும் என்று பசை போட்டுத்தான் ஒட்டச் சொன்னார் அன்புராஜா. ஏரம்பு தலையைச் சொறிந்துகொண்டே ஒட்டினார்.

மறுபடியும் விழா. மறுபடியும் விரிப்புகளைச் சுருட்டினார்கள். ஆனால் இந்த முறை என் தாதிகள் ஒருத்தியும் வாட்டை விட்டு அசையவில்லை. அசைந்தால் நானும் அன்றைக்கே வீட்டுக்குப் போய்விடுவேன் என்று சொல்லியிருந்தேன். பன்னீர் தெளிக்க அலுவலகத்துப் பெண்கள் போனார்கள். மணிகளைக் கழற்ற வந்தவனை நிரோஜா கட்டிலுக்குக் கட்டில் துரத்தினாள்.

கூட்டம் வாட்டுக்குள் வந்து, சுபாங்கன் படத்துக்கு மாலை போட்டு, சுவர்ணா கற்பூரம் காட்டி முடித்த நேரம் நீர்வேலி அம்மாவின் மணி அடித்தது. நீர்வேலியில் ஒரு வாழைத்தோட்டத்துக்காரரின் மனைவி, முழங்கால் வருத்தம், கையில் மஞ்சள் பட்டி.

"சிஸ்டர், இவையள் போகட்டும் எண்டு பாத்தன். இனி ஏலாது."

"ஆர் நிண்டாலும் எங்களுக்கென்ன அம்மா, வாங்கோ."

விழாவுக்கு வந்தவர்கள் மூக்கைச் சுளித்து வழி விட்டார்கள். நான் ஒரு கையால் அவருடைய இடுப்பைச் சுற்றிப் பிடித்திருந்தேன். முடக்கில் திரும்பும்போது அவருடைய குதி சறுக்கியது. கை சுவரைத் தேடியது. பித்தளைச் சட்டத்தின் விளிம்பு அகப்பட, அதை எட்டிப் பிடித்தார். கல் பெயர்ந்து அவர் கையோடு வந்தது.

விழுகிறவரைத் தூக்கி நிறுத்தப் பார்க்கக் கூடாது. என் தொடையில் அவரைச் சாய்த்து, என் கால் வழியே மெல்ல நிலத்தில் இறக்கினேன். அவருக்கு ஒரு கீறலும் இல்லை. கல்தான் நிலத்தில் மோதி மூன்று துண்டானது. புது ரைல்சும் வெடித்தது.

அன்புராஜா பாய்ந்து வந்தார். நிலத்தில் கிடந்த எங்களைச் சுற்றிக்கொண்டு போய், குந்தியிருந்து, கல்லைப் பொறுக்கினார். துண்டுகளைப் பொருத்திப் பொருத்திப் பார்த்தார். பக்கத்தில் ஒரு மனிசி நிலத்தில் கிடந்து நடுங்குவதை அவர் காணவேயில்லை.

"அம்மாவின்ரை பேரை உடைச்சுப்போட்டியள்!" என்று சுபாங்கன் என்னைப் பார்த்துக் கத்தினான். "ஒரு கல்லைப் பிடிச்சுத் தொங்கிறதோ மனிசர்?"

அப்போதுதான் சுவர்ணா கதைத்தாள். தாய் விழுந்த நாளிலிருந்து அவள் உரத்துக் கதைத்து நான் கேட்டதில்லை.

"அண்ணை, அம்மாவும் உதிலைதான் கை வைச்சவ." கல் பெயர்ந்த இடத்தில் தன் கையை வைத்துக் காட்டினாள். விரல்களை விரித்துக் கீழே இழுத்தாள். "இப்பிடி. நான் தடத்தைப் பாத்தனான். கல்லு இருந்திருந்தால் அம்மாவும் கல்லைத்தான் பிடிச்சிருப்பா. நீ அம்மாவுக்கு ரைல்ஸ் பதிக்கிறாய். அம்மா பிடிக்கத் தேடினதை இன்னும் ஒருத்தரும் பூட்டேல்லை."

சுபாங்கன் தங்கையின் கையையே பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு நிலத்தில் இருந்த நீர்வேலி அம்மாவைப் பார்த்தான். மாலை போடச் சப்பாத்தைக் கழற்றி வைத்திருந்ததால், காலுறையோடு கிட்ட வரப்போய் அவனும் சறுக்கி, சுவரில் கை ஊன்றி நின்றான். அதற்குப் பிறகுதான் அவனுக்கு விளங்கியது என்று நினைக்கிறேன். முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதான். எனக்கு அவன் மேல் இரக்கம் வந்தது. பொய் சொல்லக் கூடாது, கோபமும் அப்படியே இருந்தது.

"ஏரம்பு அண்ணை," என்றாள் சுவர்ணா, "களஞ்சிய அறையிலை கிடக்கிறதை எடுத்துக்கொண்டு வாங்கோ."

ஏரம்பு அன்புராஜாவைப் பார்த்தார். காசு கொடுத்த குடும்பம் சொல்கிறது, அன்புராஜா என்ன செய்வார்? தலையாட்டினார். பொலித்தீன் உறையைக் கிழித்து, பளபளத்த ரைல்சில் துளை போட்டு, தூசி பறக்கப் பறக்க ஏரம்பு கைபிடியைப் பூட்டினார். நீர்வேலி அம்மாவைச் சக்கர நாற்காலியில் இருத்தி வைத்திருந்தோம். நாற்காலி கழிப்பறை வாசலால் நுழையாது, கைபிடி இல்லாமல் இனி ஓர் அடியும் வைக்க அவர் ஒத்துக்கொள்ளவில்லை. அவர் இரண்டு தொடையையும் இறுக்கிக்கொண்டு, "கெதியாய் பூட்டு தம்பி, கெதியாய் பூட்டு," என்று ஏரம்புவை அவசரப்படுத்தினார்.

கடைசி ஆணி இறங்கியதும் அன்புராஜா என் காதடிக்கு வந்தார். கல் துண்டுகள் இன்னும் கையில் இருந்தன. முகத்தில் மறுபடியும் அந்தச் சிரிப்பு.

"நல்லாய்த்தான் இருக்கு சிஸ்டர். இதுக்கும் சின்னனாய் ஒரு திறப்பு விழா வைக்கவேணும். லண்டனிலை இருந்து மற்றச் சொந்தக்காரரும் வரட்டும். அதுவரைக்கும் ஒருத்தரும் தொடாமல் சிவப்பு நாடா ஒண்டைக் கட்டி விடுவம், என்ன?"

நான் நிரோஜாவுக்குக் கண்ணைக் காட்டினேன். வாயைத் திறந்திருந்தால் என் வேலை போயிருக்கும். அவர் நாடா எடுக்க ஆள் அனுப்பிவிட்டுத் திரும்புவதற்குள், நீர்வேலி அம்மா நிரோஜாவின் தோளில் ஒரு கையும் கைபிடியில் ஒரு கையுமாகக் கழிப்பறைக்குப் போய்விட்டுத் திரும்பி வந்துகொண்டிருந்தார்.